லெஃப்ட் கிளிக் போன கேமிங் மவுஸ்: 630 ரூபாய் ரிப்பேர், மூன்று மாதம் கழித்து

என் மவுஸுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. 2020 லாக்டவுனில், ஆபீஸும் விளையாட்டும் ஒரே மேஜைக்கு வந்து சேர்ந்த சமயத்தில், 2,700 ரூபாய் கொடுத்து வாங்கியது. வயர் வைத்த, நடுத்தர விலை மவுஸ். சில மாதங்களுக்கு முன்னால் அதன் லெஃப்ட் கிளிக் போய்விட்டது. போய்விட்டது என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமில்லை, கேட்டதற்கு மேல் வேலை செய்ய ஆரம்பித்தது, அதுதான் தொல்லை. பிரவுசரில் ஒரு டேப்பை மூடினால் பக்கத்து டேப்பும் சேர்ந்து மூடிக்கொள்ளும். ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் கை நழுவி வேறு ஏதோ ஃபோல்டரில் விழும், அப்புறம் அதைத் தேட வேண்டும். ராத்திரி வேலரன்ட் என்கிற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது வேண்டல் துப்பாக்கியை வைத்துக்கொண்டு பட்டனை அழுத்திக்கொண்டே இருப்பேன், ஸ்ப்ரே, அதாவது தொடர்ந்து சுடுவது, நடுவில் நின்று மறுபடி தொடங்கும். முதல் இரண்டு வாரம் என் கைதான் சரியில்லை என்று நினைத்தேன். கூட ஆடுகிற பையன்களும் அப்படித்தான் சொன்னார்கள், அவர்களுக்கு அது வசதி.

வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன், வேறு யுஎஸ்பி போர்ட்டில் போட்டுப் பார்த்தேன், எங்கேயும் அதே கதை. கிளிக் சோதிக்கும் தளம் ஒன்றில் சாவகாசமாக ஒவ்வொரு தடவையாக அழுத்தினேன். நூறு அழுத்தலுக்கு பதிமூன்று டபுள் கிளிக், அதில் சிலவற்றுக்கு நடுவே இருந்த இடைவெளி 20 மில்லி செகண்ட்கூட இல்லை. அவ்வளவு வேகத்தில் யாராலும் இரண்டு தடவை அழுத்த முடியாது. ஆக, குற்றவாளி மவுஸ்தான். மனசுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இதில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் ரிப்பேரா புதுசா என்று முடிவெடுப்பது சுலபம். பட்டனுக்குக் கீழே மைக்ரோ சுவிட்ச் என்று சுமார் 13 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு குட்டிப் பெட்டி இருக்கும். உள்ளே செம்புக் கலவையில் ஒரு மெல்லிய தகடு. நாம் அழுத்தும்போது அது டக்கென்று கீழே விழுந்து ஒரு முனையைத் தொடும், விட்டால் மேலே எகிறும். தொடும்போது ஒரே அடியாகப் போய் உட்காராது, தரையில் போட்ட கேரம் காய் மாதிரி கொஞ்சம் துள்ளிவிட்டுத்தான் அடங்கும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கு மவுஸுக்குள் இருக்கும் சிப் சில மில்லி செகண்ட் காத்திருக்கும். தகடு தளர்ந்து, முனையில் ஆக்சைடு படிந்த பிறகு தொடர்பு விட்டு விட்டு வரும், சிப் காத்திருக்கிற நேரமும் போதாது, ஒரு கிளிக் இரண்டாகிவிடும்.

டப்பாவில் 5 கோடி கிளிக் தாங்கும் என்று போட்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஒரு நாளைக்கு 5,000 தடவை அழுத்தினாலும் 27 வருடம் வர வேண்டும். வராததற்குக் காரணம், அந்த 5 கோடி என்பது பெரும்பாலும் தகடு உடையாமல் எத்தனை தடவை மேலும் கீழும் போகும் என்கிற கணக்கு. முனையில் கறை படிவதை அது பேசாது. மவுஸ் சுவிட்ச் வழியாக ஓடுகிற மின்சாரம் ரொம்பக் கம்மி, வீட்டு லைட் சுவிட்சில் வருகிற மாதிரி பொறி வந்து கறையை எரித்துவிட வழியில்லை. அதோடு சென்னைக் காற்றின் ஈரம். என் மவுஸின் பக்கவாட்டு ரப்பர் பூச்சு மூன்றாவது வருடமே பிசுபிசுவென்று ஆகிவிட்டது, வெல்லப்பாகைத் தொட்ட மாதிரி. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்து அந்தப் பூச்சை மொத்தமாகத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் அதற்குப் பிறகு ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதலில் நானே சரி செய்யலாம் என்று இறங்கினேன். வாரண்டி என்றைக்கோ முடிந்துவிட்டது, அதனால் பயமில்லை. (உங்களுடையது இரண்டு வருடத்துக்குள் என்றால் இதற்கு மேல் படிக்க வேண்டாம், பில்லைத் தேடுங்கள். பிரித்துவிட்டால் வாரண்டி கேட்க முடியாது.) ஸ்க்ரூ எல்லாம் அடியில் ஒட்டியிருக்கும் வழவழ பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். அதைப் பிய்த்தால் பட்டை மடங்கிவிடும், திரும்ப ஒட்டினால் மவுஸ் மேஜையில் கரகரவென்று தேயும். ஹேர் டிரையர் வைத்துச் சூடு காட்டி எடுத்தேன், அப்படியும் ஒன்று மடங்கியது. மூடியைத் திறந்தபோது வீல் அச்சில் ஐந்து வருடத்து முடியும் தூசியும் சேர்ந்து ஒரு குட்டி எலி மாதிரி சுருண்டு கிடந்தது. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்தான்.

சுவிட்ச் மூடியை பிளேடு முனையால் நெம்பித் திறந்து, உள்ளே இருக்கும் தகட்டைக் கொஞ்சம் வளைத்து மறுபடி மாட்டுவது என்று ஒரு வைத்தியம் உண்டு, வீடியோக்களில் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு மூடியைத் திறந்த நொடியில் மேலே இருந்த பொத்தான் எகிறிப் பறந்துவிட்டது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான் இருக்கும். டார்ச் அடித்துக்கொண்டு தரையோடு தரையாக முக்கால் மணி நேரம் தேடினேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, மோதிரம் ஏதாவது தொலைச்சிட்டியா?" என்று கேட்டார். கடைசியில் என் சட்டை மடிப்பில் கிடைத்தது. தகட்டை வளைத்து, நாக்கு மாதிரி இருக்கும் அதன் நடுப்பகுதியைச் சரியான பள்ளத்தில் உட்கார வைக்க இன்னும் ஒரு மணி நேரம். வேலை செய்தது! பதினோரு நாள். பன்னிரண்டாம் நாள் மறுபடி இரண்டு டேப் மூடியது. வளைத்த தகடு நிற்காது, முனையும் சுத்தமாகவில்லை, இது தலைவலிக்குத் தைலம் தடவுகிற மாதிரிதான்.

சரி, புதுசே வாங்கிவிடலாம் என்று 3,800 ரூபாய்க்கு ஒன்று ஆர்டர் போட்டேன். என் பழைய மாடல் இப்போது வருவதில்லை. புதுசு நல்ல மவுஸ், அதைக் குறை சொல்ல மாட்டேன், சென்சார் பழசைவிடப் பல மடங்கு மேலானது, எடையும் பாதிதான். ஆனால் என் மோதிர விரலுக்கு அதில் இடமே இல்லை. பழைய மவுஸில் வலது பக்கம் ஒரு சரிவு உண்டு, விரல் அதில் போய்ப் படுத்துக்கொள்ளும். இதில் அந்த விரல் எங்கே போவதென்று தெரியாமல் மேஜையில் உரசிக்கொண்டே இருந்தது. பழகிவிடும் என்று மூன்று வாரம் ஓட்டினேன். பழகவில்லை. மணிக்கட்டு வலிதான் வந்தது. ஒரு மவுஸில் கைக்குப் பொருந்துகிற வடிவத்தைத்தான் ஸ்பேராக வாங்க முடியாது, மற்றதெல்லாம் கடையில் கிடைக்கும் என்று அந்த மூன்று வாரத்தில்தான் எனக்கு உறைத்தது.

அப்புறம்தான் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பி, நரசிங்கபுரம் தெருப் பக்கம் போய், ஒரு மாடிப்படிக்குக் கீழே ஆறடிக்கு நாலடி இருக்கும் ஒரு கடை. கடை பெயர் போடவில்லை. அவரேதான் வேண்டாம் என்றார், ஒரே ஆள் நடத்துவது, கூட்டம் வந்தால் தாங்காதாம். செல்போன் சார்ஜர் போர்டு, கீபோர்டு, கேம் கன்ட்ரோலர் என்று எதையாவது வைத்துச் சால்டரிங் பண்ணிக்கொண்டிருப்பார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

மவுஸை வாங்கி, கம்ப்யூட்டரில் மாட்டவேயில்லை, காதுக்குப் பக்கத்தில் வைத்து லெஃப்ட்டை நாலு தடவை, ரைட்டை நாலு தடவை அழுத்திப் பார்த்தார்.

"லெஃப்ட்டு செத்துப்போச்சு. ரைட்டு இன்னும் கொஞ்ச நாள் ஓடும். நீ உள்ள கை வச்சியா தம்பி?"

வைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"தகட்ட வளச்சிருப்ப. எல்லாரும் அதான் பண்ணிட்டு இங்க வராங்க."

இரண்டு வழி சொன்னார். ரைட் சுவிட்சைக் கழற்றி லெஃப்ட்டுக்குப் போட்டுவிட்டு, பழைய லெஃப்ட்டை நடு வீல் கிளிக்குக்கு மாற்றி, வீல் சுவிட்சை ரைட்டுக்குக் கொண்டுவருவது ஒன்று, சுவிட்ச் செலவில்லை, கூலி மட்டும். நடு கிளிக்கை அதிகம் தொடாதவர்களுக்கு அது போதும் என்றார். இன்னொன்று, லெஃப்ட் ரைட் இரண்டுக்கும் புதுசு போடுவது. லெஃப்ட்டுக்கு மட்டும் புதுசு போடலாமே பாய் என்றேன். "போடலாம். ஒரு கால்ல ஷூ, ஒரு கால்ல செருப்பு போட்டு நடப்பியா?" என்றார். அழுத்தம் இரண்டிலும் வேறு வேறாகத் தெரியும் என்று அர்த்தம். கைல் கம்பெனியின் ஜிஎம் 8.0 சுவிட்ச் இரண்டு போடச் சொன்னேன். அது 8 கோடி கிளிக் என்று போட்டு வருகிறது. அந்த எண்ணை நான் எவ்வளவு நம்புகிறேன் என்று மேலே சொல்லிவிட்டேன். ஆனால் சுவிட்சின் அளவும் மூன்று கால்களின் இடைவெளியும் பெரும்பாலான மவுஸ்களில் ஒன்றுதான் என்பதால் ஓம்ரான், கைல், ஹுவானோ என்று விருப்பப்பட்டதைப் போட்டுக்கொள்ளலாம், இதுதான் இந்த ரிப்பேரின் பெரிய வசதி.

வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பழைய ஈயத்தின் மேல் முதலில் புது ஈயத்தைத் தொட்டு இளக வைத்தார், அதற்கப்புறம்தான் பம்பால் உறிஞ்சினார். நான் வீட்டில் செய்திருந்தால் நேராகப் பழைய ஈயத்தை நோண்டி போர்டில் மின்சாரம் ஓடும் செம்புத் தடத்தைப் பெயர்த்திருப்பேன், நிச்சயம். மூன்று காலும் ஆடுகிறதா என்று இடுக்கியால் அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் சுவிட்சை வெளியே இழுத்தார். புதுசை வைக்கும்போது பொத்தான் எந்தப் பக்கம் என்று இரண்டு தடவை சரிபார்த்தார், திருப்பிப் போட்டால் பட்டன் அதன் மேல் உட்காராது. இரண்டு சுவிட்சுக்கும் சேர்த்து இருபது நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் என் முறை வருவதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தேன், உட்கார ஸ்டூல்கூட கிடையாது.

செலவு: சுவிட்ச் ஒன்று 90 வீதம் 180, கூலி 200, அடியில் ஒட்டப் புது டெஃப்லான் பட்டை ஒரு செட் 250. மொத்தம் 630. பில் கிடையாது. வாரண்டி என்ன பாய் என்றால், "ஒரு மாசம். நான் இருந்தா." அவ்வளவுதான்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. ஒரு டபுள் கிளிக்கூட வரவில்லை. கிளிக் முன்பைவிடக் கெட்டி, சத்தமும் அதிகம். முதல் வாரம் ஆள்காட்டி விரல் கொஞ்சம் வலித்தது, ராத்திரி பக்கத்து அறையில் தூங்குகிற அப்பா சத்தம் கேட்கிறது என்று இரண்டு தடவை சொல்லிவிட்டார். மென்மையான கிளிக் பிடிக்கிறவர்கள் வேறு சுவிட்ச் கேளுங்கள், கடையிலேயே இரண்டு மூன்றை விரலால் அழுத்திப் பார்க்கலாம். பட்டைகளில் ஒன்றைப் பாய் கோணலாக ஒட்டிவிட்டார், முதல் சில நாள் மூலை உரசியது, நானே எடுத்து நேராக ஒட்டினேன். மூடியை மூடும்போது பக்கவாட்டில் ஒரு கீறலும் விழுந்திருக்கிறது. இதையெல்லாம் குறையாகச் சொல்லத்தான் வேண்டும். போனில் முன்கூட்டியே நேரம் வாங்கக்கூடிய, பில் தருகிற இடம்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கடை சரிப்படாது, இருந்தாலும் எனக்குச் சரிப்பட்டது.

எல்லா மவுஸுக்கும் ரிப்பேர்தான் சரி என்று நான் சொல்லவில்லை. ஆயிரம் ரூபாய் மவுஸுக்கு 630 செலவழிப்பது வீண், சால்டரிங் தெரிந்தால் மட்டும் நீங்களே செய்து பாருங்கள், போனால் போகிறது. கர்சர் தானாகக் குதிக்கிறது, நடுநடுவே செத்துச் செத்துப் பிழைக்கிறது என்றால் முதலில் கேபிளை அசைத்துப் பாருங்கள். மவுஸுக்குள் நுழைகிற இடத்தில்தான் வயர் முறியும், அந்த இரண்டு அங்குலத்தை வெட்டி மறுபடி இணைப்பது சின்ன வேலை. கேபிள் நன்றாக இருந்தும் சென்சாரோ சிப்போ போய்விட்டதென்றால் பேசாமல் விட்டுவிடுங்கள், அந்தப் பாகம் தனியாகத் தேடி அலைவதற்குப் புதுசே மேல். வயர்லெஸ்ஸில் பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள், அதை நெம்பி விளையாட வேண்டாம். ஆப்டிகல் சுவிட்ச் வைத்த மவுஸ்கள் வேறு ரகம். அதில் முனை முனையைத் தொடும் வேலையே இல்லை, ஒளியை மறைத்தோ வழிவிட்டோ கிளிக்கை அறிகிறது, அதனால் என் மவுஸுக்கு வந்த டபுள் கிளிக் வியாதி அதற்கு வராது. ஆனால் வேறு எந்தக் கோளாறு வந்தாலும் பாய் கடையில் டப்பா நிறைய இருக்கிற 90 ரூபாய் சுவிட்ச் அதற்குச் சேராது. புதுசு வாங்கப் போகிறவர்கள் இதையும் ஒரு கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். ஆசுஸின் ஆர்ஓஜி மவுஸ்கள் பலவற்றில் சுவிட்சைச் சால்டரிங் இல்லாமல் பிடுங்கி மாட்டுகிற சாக்கெட் கொடுக்கிறார்கள். எல்லாரும் அப்படிக் கொடுத்தால் பாய்க்கு வேலை போய்விடும், அது வேறு விஷயம்.

அந்த 3,800 ரூபாய் புது மவுஸ் இப்போது அக்கா பையனிடம் இருக்கிறது. அவனுடைய சின்னக் கைக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருக்கிறது, என்னைவிட நன்றாக ஆடவும் செய்கிறான்.

என்னுடையதில் போன வாரத்திலிருந்து வீல் மக்கர் செய்கிறது. கீழே உருட்டினால் பக்கம் ஒரு தடவை மேலே குதிக்கிறது. அதற்குள் இருக்கும் என்கோடர், அதாவது வீல் உருளுவதை அறிகிற பாகம், தேய்ந்துவிட்டது, கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பார்த்தேன், இரண்டு நாள் கேட்டது. போன் போட்டபோது பாய், "உயரம் அளந்துட்டு வா, ஒம்போது மில்லியா பதினொண்ணா தெரியாம எடுத்து வைக்க முடியாது" என்றார். ஸ்கேல் வைத்து அளந்தேன், ஒன்பதா பத்தா என்று சரியாகத் தெரியவில்லை. மவுஸோடே சனிக்கிழமை போகிறேன், ஞாயிறு என்றால் தெருவே மூடிக் கிடக்கும்.