ஆயில் இன்ஜின் மராமத்து: 7,000 என்று தொடங்கிய கணக்கு

கடலூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் இடையில் எங்கள் நிலம். கரும்பும் கொஞ்சம் வாழையும். மின் மோட்டார் வந்த பிறகும் பழைய ஆயில் இன்ஜினை விற்க எனக்கு மனம் வரவில்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்துவிட்டுப் போனபின் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அன்று எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தது அதுதான். கார்த்திகை மழையில் வாழைக்கொல்லையில் நிற்கும் வெள்ளத்தை இறைப்பதும் அதுவே. 5 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர்.

2019இல் நீலப்புகை தள்ளி, ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. முதலில் வந்த மெக்கானிக் ஓடும் சத்தத்தைக் கேட்டே, "லைனர் செட் மாற்றினால் போதும், 7,000 ரூபாய்" என்றார். பிஸ்டன் ஏறி இறங்கும் குழாய்தான் லைனர்; பிஸ்டனும் ரிங்கும் சேர்ந்தால் செட். இரண்டாமவர் தொகையே சொல்லவில்லை. "பிரித்து அளந்த பிறகு சொல்கிறேன் ஐயா. அதற்கு 500 ரூபாய் கொடுங்கள்" என்றார். அவரிடமே கொடுத்தேன்.

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியதும் லைனரின் உள்சுவரில் என் விரலை வைத்து மேலே நகர்த்தச் சொன்னார். மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகம் தட்டியது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் மேலே போய்த் திரும்பும் இடம் அது. சூடு அதிகம், ஆயில் குறைவு என்பதால் தேய்மானம் அங்கேதான் கூடுதல். லைனர் போனது இப்படிக் கையிலேயே தெரிந்துவிட்டது. பிஸ்டன் தண்டின் கீழ்முனை பிடித்துச் சுழலும் கிராங்க் பின்னின் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை. மைக்ரோமீட்டரைக் குறுக்கிலும் நெடுக்கிலும் வைத்தபோது 0.08 மி.மீ. வித்தியாசம், ஓவலாகிவிட்டது. அதை அரைக்காமல் புது பேரிங் போட்டிருந்தால் அந்தப் பணம் வீண். வால்வுகளை மூடி, ஹெட்டின் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றினார். சிறிது நேரத்தில் வால்வு ஓரமாகக் கசிந்தது; வால்வுகள் சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

லைனர், பிஸ்டன், ரிங் 3,200. கிராங்க் அரைத்து பேரிங் போட 1,900. ஹெட் வேலை 1,600. கேஸ்கெட், ஆயில் வகையறா 1,450. கூலி, பிரித்து அளந்ததையும் சேர்த்து 4,000. வண்டி வாடகை 800. மொத்தம் 12,950 ரூபாய். அப்போது புது இன்ஜினுக்கு நான் விசாரித்த விலை 38,000. பாதி விலையைத் தாண்டியிருந்தால் வேண்டாம் என்றிருப்பேன்.

சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் நாசிலும், அதற்கு டீசலை அழுத்தித் தள்ளும் பம்பு பிளஞ்சரும் மாற்றச் சொன்னார். பணம் போதாமல் தள்ளிப்போட்டேன். அது என் தவறு. மூன்றே மாதத்தில் கரும்புகை. ஆயில் குச்சியை உருவினால், அளவு குறைவதற்குப் பதிலாக ஏறியிருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. நாசில் சரியாகத் தூவாமல் ஒழுகினால் எரியாத டீசல் புது லைனரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். மேலும் 1,850 கொடுத்து இரண்டையும் மாற்றி, ஆயிலையும் புதிதாக ஊற்றினேன். ஆகவே மதிப்பீடு கேட்பவர்கள் நாசில், பம்பு இரண்டையும் முதல் தாளிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வேலை முடிந்த பிறகு முதல் 20 மணி நேரம் முழுப் பாரம் ஏற்றவில்லை. முன்பு மணிக்கு ஒன்றேகால் லிட்டர் டீசல் குடித்தது, ஒரு லிட்டருக்கு வந்தது. ஆறு ஆண்டுகளில் என் நோட்டுக் கணக்குப்படி 1,400 மணி நேரம் ஓடியிருக்கிறது. இடையில் ஒரு கேஸ்கெட் மட்டுமே மாற்றினேன். இப்போது பனிக்காலக் காலையில் கிளப்பும்போது சற்றே வெண்புகை வருகிறது, சூடேறியதும் நின்றுவிடுகிறது.

கிராங்க் 0.25 மி.மீ. அரைபட்டிருக்கிறது, 0.50 வரை இன்னும் ஒருமுறை அரைக்கலாம் என்று லேத் பட்டறையில் எழுதிக் கொடுத்த தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த கணக்கை அதை வைத்துத்தான் போட வேண்டும்.