ராணுவ வீரர் சாட்சி சொல்லப் போனால் பயணச் செலவு யார் தலையில்?

அமெரிக்கப் படைவீரர் ஒருவருக்குச் சம்மன் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது தேதியை அல்ல, அழைத்தது யார் என்பதை. அதைப் பொறுத்துத்தான் பணம் தருபவர் மாறுகிறார். சில வழக்குகளில் அரசு ஒரு சென்ட்கூடத் தராது.

சிக்கல் குறைந்தது கோர்ட் மார்ஷல் எனப்படும் ராணுவ நீதிமன்ற விசாரணை. அரசுத் தரப்பு அழைத்தாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு அழைத்தாலும் பயணம் அரசுச் செலவுதான். பணியில் இருக்கும் வீரருக்குச் சம்மனே வேண்டாம், பயண உத்தரவு போதும். அது டிடிஒய் எனப்படும் தற்காலிகப் பணிப் பயணம்: டிக்கெட், தங்குமிடம், உணவுப்படி எல்லாம் உண்டு. புறப்படும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் உணவுப்படியில் 75 சதவீதம்தான். தடங்கல் வருவது குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்புச் சாட்சிகளுக்கே. ஒவ்வொரு சாட்சியும் என்ன சொல்லப் போகிறார் என்ற சுருக்கத்தோடு பட்டியலை அரசு வழக்கறிஞரிடம் தர வேண்டும். அந்தச் சாட்சி தேவையில்லை என்று அரசு வழக்கறிஞர் சொன்னால் ராணுவ நீதிபதி முடிவு செய்வார். ‘நல்ல மனிதர் என்று சொல்வார்’ என்று மட்டும் எழுதிய சுருக்கம் அங்கே எடுபடுவது கடினம்.

கூட்டாட்சி நீதிமன்றத்தில் அரசுக்காகச் சாட்சி சொல்வதும் டிடிஒய்தான். வழக்கு தன் படைப்பிரிவின் வேலையோடு தொடர்புடையதானால் அந்தப் பிரிவின் நிதியிலிருந்து செலவு போகும். தொடர்பில்லை என்றால் வழக்கு நடத்தும் துறை ஏற்க வேண்டும். இரண்டு அலுவலகங்களும் ‘உங்கள் பக்கம்’ என்று தள்ளிவிடுவது இங்கேதான். உத்தரவில் நிதிக் கணக்கு எண் ஏறாமல் கிளம்பக் கூடாது. உத்தரவு பிறகு வரும் என்று நம்பிச் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்தவர்கள் படும் பாடு பெரிது.

மாநில வழக்கிலும் தனியார் வழக்கிலும் கதையே வேறு. பணி சார்ந்த விஷயத்தைச் சொல்வதானால் முதலில் படையின் சட்ட அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1951ஆம் ஆண்டு டூஹி தீர்ப்பை ஒட்டி வந்த நடைமுறை இது. என்ன கேட்கப் போகிறார்கள், ஏன் தேவை என்று கேட்கும் தரப்பு எழுதித் தர வேண்டும். பயணச் செலவும் அவர்கள் பொறுப்பே. கூட்டாட்சிச் சட்டப்படி சாட்சிப்படி நாளுக்கு 40 டாலர், போக்குவரத்து தனி. சிவில் வழக்கில் தனியார் தரப்பு சம்மனைக் கொடுக்கும்போதே ஒரு நாள் படியையும் மைல் கணக்குப் பணத்தையும் சேர்த்து நீட்ட வேண்டும். அது இல்லாமல் வந்த காகிதத்தோடு நேரே சட்ட அலுவலகத்துக்குப் போவது நல்லது.

அப்படிப் போகும் நாட்களை எந்தக் கணக்கில் எழுதுவது? பெர்மிசிவ் டிடிஒய் என்றால் விடுப்பு கழியாது, ஆனால் அரசுப் பணமும் வராது. வழக்கில் படைக்கு அக்கறை இருந்தால் தளபதி அதைத் தர வாய்ப்பு அதிகம். அண்டை வீட்டுக்காரரின் விபத்து வழக்குக்குச் சாதாரண விடுப்பை எதிர்பார்ப்பதே நியாயம். விடுப்பு கழியாத நிலையில் போனவர் கைச்செலவுக்கு மேல் வந்த சாட்சிப்படியை அரசிடம் ஒப்படைக்க வேண்டும். டிடிஒய் உணவுப்படியையும் நீதிமன்றத்தின் படியையும் ஒரே நாளுக்கு வாங்கினால் பிறகு சம்பளத்தில் பிடிப்பார்கள்.

தூரம் அதிகமானால் தனியார் தரப்பிடம் வேறொரு வழியைக் கேட்கலாம். கூட்டாட்சி சிவில் வழக்கில் சம்மனின் எல்லை பொதுவாக 100 மைல். அதைத் தாண்டி இருப்பவரின் வாக்குமூலத்தை முகாமுக்கு அருகிலேயே பதிவு செய்யலாம். வீரர் அரை நாளில் திரும்பிவிடுவார். பலருக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

டிடிஒய் முடிந்ததும் 5 வேலை நாட்களுக்குள் பயணக் கணக்கைக் கொடுங்கள். தங்குமிட ரசீது எவ்வளவு சிறியதானாலும் வேண்டும். மற்றவற்றில் 75 டாலரும் அதற்கு மேலும் ஆனவற்றுக்கு. விசாரணை தள்ளிப்போய்க் கூடுதல் நாள் தங்க நேர்ந்தால், அங்கிருந்தே உத்தரவைத் திருத்தச் சொல்லுங்கள். இடையில் விடுப்பு சேர்த்து ஊர் சுற்றினால் அந்த நாட்களின் அறை வாடகையும் சாப்பாடும் உங்கள் பையிலிருந்துதான்.