இரண்டும் புலிதான்: பெண்கள் காற்பந்தில் மலேசியாவா, இந்தியாவா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்டத்துத் திடலுக்கு எதிரே இருக்கும் ஒட்டுக்கடையில் ஒரு வழக்கு சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. என் அண்ணன் மகளுக்கு வயது பதினான்கு, காற்பந்துப் பைத்தியம். பயிற்சிக்குப் போகும்போதெல்லாம் மலேசியச் சட்டைதான். கடைக்கார மாமாவுக்கு அதைப் பார்த்தால் வாய் சும்மா இருக்காது. “பொண்ணுங்க காற்பந்துன்னா இந்தியாதாம்மா. நம்ம குழு என்னத்த ஜெயிச்சிருக்கு?” அவள் விடுவாளா? கடைசியில் “அத்தை, நீங்களே சொல்லுங்க” என்று பஞ்சாயத்து என்னிடம் வந்தது. எங்கள் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு வலைப்பந்துதான், காற்பந்து கிடையாது. அந்த ஏக்கத்திலேயே நான் நிறையப் பார்த்து வைத்திருக்கிறேன்.

கிண்ணத்தை எண்ணிப் பார்த்தால் மாமா பக்கம்தான் கனம். தெற்காசியப் பெண்கள் வெற்றியாளர் போட்டி 2010இல் தொடங்கியது. 2012, 2014, 2016, 2019 என்று அடுத்து நடந்தவற்றையும் சேர்த்து முதல் ஐந்து பட்டங்களையும் இந்தியாவே அள்ளியது. மலேசியாவின் அலமாரியில் அப்படி ஒரு கிண்ணம் இல்லை. இருப்பதில் பெரியது 1995 சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுப் போட்டியின் வெள்ளிப் பதக்கம்.

ஆனால் பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்தியா அந்த ஐந்து பட்டங்களை வென்றது நேப்பாளம், வங்காளதேசம், இலங்கை, மாலத்தீவு போன்ற அணிகளுக்கு எதிராக. மலேசியாவின் அக்கம்பக்கமோ வேறு ரகம். தாய்லாந்து 2015, 2019 என்று இரண்டு உலகக் கிண்ணங்களில் ஆடியது. வியட்நாமும் பிலிப்பைன்ஸும் 2023இல் ஆடின. பிலிப்பைன்ஸ் அங்கே போட்டியை நடத்திய நியூசிலாந்தையே 1-0 என்று சாய்த்தது. இவற்றோடு மியன்மாரும் உண்டு. இந்தக் கூட்டத்துக்குள் கிண்ணம் தூக்குவது லேசுப்பட்ட காரியமா? இன்னொன்றையும் மாமா வசதியாக மறந்துவிடுகிறார். 2022, 2024 இரண்டிலும் தெற்காசியப் பட்டம் வங்காளதேசத்துக்குப் போனது.

ஆசிய அளவில் பார்த்தால் கணக்கு சுவாரசியமாகிறது. 1975இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசியப் போட்டியில் (இன்றைய ஆசியக் கிண்ணம்) மலேசியா நான்காம் இடம். அந்தப் பட்டியலில் இந்தியாவின் பெயர் அப்போது கிடையாது. 1980இல் கோழிக்கோட்டில் இந்தியா இறுதி ஆட்டம் வரை போய்த் தைவானிடம் தோற்றது. 1983இல் பேங்காக்கில் தாய்லாந்து முதலிடம், இந்தியா இரண்டாவது, மலேசியா மூன்றாவது. இரண்டு நாட்டுப் பெண்களும் அடுத்தடுத்த இடத்தில்! இதைச் சொன்னதும் அண்ணன் மகள் மேசையைத் தட்டினாள். கொஞ்சம் பொறு என்றேன். சீனா அப்போது போட்டிக்கே வரவில்லை. 1986இல் வந்தது, வந்ததும் வென்றது, 1999 வரை வேறு யாரையும் கிண்ணத்தைத் தொட விடவில்லை. ஜப்பானும் கொரியாக்களும் வளர்ந்த பிறகு இந்தியாவும் மலேசியாவும் பின்வரிசைக்குப் போய்விட்டன. ஆகவே 1983ஐ இரண்டு பேருமே பாதி விலைக்குத்தான் விற்க முடியும்.

அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? தாய்லாந்தை வைத்து அளக்கலாம் என்பது என் யோசனை, ஏனென்றால் இரண்டு அணிகளின் கதையிலும் குறுக்கே நிற்பது அந்த அணிதான். 1983 இறுதியில் இந்தியாவை 3-0 என்று தோற்கடித்தது தாய்லாந்து. 1995இல் மலேசியாவுக்குத் தங்கம் கிடைக்காமல் போனதும் தாய்லாந்தால்தான். அந்த 1995 சீ விளையாட்டு நடந்தது தாய்லாந்தின் சியாங் மாயில், அதற்காகக் கட்டியதுதான் அங்குள்ள 700ஆம் ஆண்டு நிறைவு அரங்கம். முப்பது ஆண்டு கழித்து, 2025 ஜூலை 5 அன்று, அதே அரங்கத்தில் இந்தியா தாய்லாந்தை 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டவை. அன்றைக்குத் தரவரிசையில் தாய்லாந்து 46, இந்தியா 70. அது 2026 ஆசியக் கிண்ணத்துக்கான தகுதிச் சுற்று ஆட்டம். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியா ஆசியக் கிண்ணத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை. மலேசியா அதே தகுதிச் சுற்றைத் தாண்டவில்லை. ஆசியக் கிண்ணப் பக்கம் போயே இருபது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது.

அதற்கு முந்தைய 2022 ஆசியக் கிண்ணத்தை இந்தியா சொந்த மண்ணிலேயே நடத்தியது. ஈரானோடு 0-0. அடுத்த ஆட்டத்துக்குள் அணிக்குள் கொரோனா புகுந்து, தைவானுக்கு எதிராகப் பதின்மூன்று பேரைக்கூடத் திரட்ட முடியவில்லை. வெளியேற வேண்டியதாயிற்று, ஆடிய ஆட்டமும் கணக்கில் இல்லாமல் போனது. கல்யாண வீட்டுக்காரனுக்கே பந்தியில் இடமில்லாத கதை.

மாமாவின் மனசு எங்கே சாய்கிறது என்று எனக்குத் தெரியும். அந்த 2022 அணியில் கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் இருந்தார், தமிழ்நாட்டுக் காவல்துறையில் உதவி ஆய்வாளர். 2019இல் இந்திய மகளிர் லீக்கை வென்ற சேது எஃப்சி மதுரைக்காரர்களுடையது. தேசியப் போட்டியை 2018இல் தமிழ்நாடு வென்றது, மணிப்பூரைத் தோற்கடித்து! பாசம் வராமல் இருக்குமா?

மலேசியாவுக்கும் பழைய வேர் உண்டு. பெண்களுக்கான உள்நாட்டுப் போட்டியான துன் ஷரிஃபா ரொட்சியா கிண்ணம் 1976இலேயே தொடங்கியது. இந்தியாவில் மகளிர் லீக் வந்தது அதற்கு நாற்பது ஆண்டு கழித்து. இவ்வளவு முன்னால் கிளம்பியும் பின்தங்கியது எனக்கு உறுத்துகிறது. தேசியக் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது எங்கள் தோட்டத்துத் திடல் வரை எவரும் எட்டிப் பார்த்ததில்லை என்பது என் சொந்தக் கோபம், அதைத் தீர்ப்பில் சேர்க்கவில்லை.

தீர்ப்பு இதுதான்: சாதனைப் பட்டியலில் இந்தியா முன்னால். அந்த ஐந்து தெற்காசியக் கிண்ணங்களுக்காக இல்லை, சியாங் மாயில் ஆடிய ஒரே ஆட்டத்துக்காக. உலகக் கிண்ணத்தில் இரண்டு பேரும் இன்னும் கால் வைக்கவில்லை.

மாமாவுக்கு வாயெல்லாம் பல். எனக்கு ஒரு தே தாரேக் காசில்லாமல் வந்தது. அண்ணன் மகள் காலணிக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, “சரி அத்தை, தாய்லாந்தை நாங்க எப்ப அடிக்கிறது?” என்று கேட்டுவிட்டு, அதே மஞ்சள் சட்டையோடு திடலுக்கு ஓடினாள்.