நோ டிஸ்ப்ளே கம்ப்யூட்டருக்கு மூன்று கருவிகள்: பஸ்ஸரை வாங்குங்கள், போஸ்ட் கார்டை விட்டுவிடுங்கள்

பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே இருக்கிறது. சர்வீஸ் கடைக்காரர்கள் இதைத்தான் 'நோ டிஸ்ப்ளே' என்பார்கள். வீட்டிலேயே காரணத்தைக் கண்டுபிடிக்க நினைப்பவருக்குச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலும் ஆன்லைனிலும் மூன்று கருவிகள் கிடைக்கின்றன: நான்கு பின் பஸ்ஸர், எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) சோதிக்கும் திரை வைத்த டெஸ்டர், போஸ்ட் கார்டு (கம்ப்யூட்டர் கிளம்பும் கட்டங்களை எண்ணாகக் காட்டும் செருகு கார்டு). மூன்றில் பஸ்ஸர்தான் மிக மலிவு. டெஸ்க்டாப்பைப் பொறுத்தவரை அதிகம் உதவுவதும் அதுதான்.

சுண்டுவிரல் நகம் அளவுள்ள ஒரு கறுப்பு உருளை, அதிலிருந்து சிவப்பு, கறுப்பு என்று இரண்டு கம்பி, முனையில் நான்கு ஓட்டை கொண்ட ஒரு கனெக்டர். பஸ்ஸர் என்பது இவ்வளவுதான். மதர்போர்டின் ஓரத்தில் 'ஸ்பீக்கர்' என்று அச்சிட்ட நான்கு பின்னில் இதைச் செருக வேண்டும். முன்பெல்லாம் கேபினெட்டோடு சேர்ந்தே வந்தது. இப்போது பல கேபினெட்டுகளில் இதை வைப்பதில்லை. அதனால்தான் போர்டு பீப் அடித்துச் சொல்ல முயன்றாலும் நம் காதுக்கு எட்டுவதில்லை.

இதை வைத்துச் செய்ய வேண்டிய முதல் சோதனை மிக எளிது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். மறுபடி பிளக்கைச் செருகிப் பட்டனை அழுத்துங்கள். பீப் வந்தால் பிராசஸர், பயாஸ் (கம்ப்யூட்டரைக் கிளப்ப போர்டிலேயே இருக்கும் மென்பொருள்), போர்டின் முக்கிய மின்சுற்றுகள் உயிரோடு இருக்கின்றன என்று பெரும்பாலும் நம்பலாம். ராம் இல்லை என்று கவனித்துச் சொல்லும் அளவுக்குப் பயாஸ் ஓடியிருக்கிறதே! சத்தமே வராவிட்டால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ், பிராசஸர், போர்டு, பயாஸ் பக்கம் திரும்ப வேண்டும். பாதி வேலை இந்த ஒரே சோதனையில் முடிந்துவிடுகிறது.

பிறகு ஒரே ஒரு ராமை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் பொதுவாகப் பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட். போடுவதற்கு முன் தங்க நிறக் கால்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதித் தள்ளி, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்தால் அதுவே புதுக் கோளாறாகிவிடும்.

பீப்புகளைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒரு நீளம், இரண்டு குட்டை என்றால் அவார்டு நிறுவனத்தின் பழைய பயாஸில் டிஸ்ப்ளே கார்டு பிரச்சினை. அதே சத்தம் ஆசஸ் போர்டில் வந்தால் ராம் கிடைக்கவில்லை என்று பொருள். ஆசஸில் டிஸ்ப்ளே கார்டுக்கு ஒரு நீளம், மூன்று குட்டை. பொதுப் பட்டியல் எதையோ பார்த்துவிட்டு நல்ல கிராஃபிக்ஸ் கார்டை மாற்றுவது வீண் செலவு. உங்கள் போர்டின் கையேட்டை மட்டும் பாருங்கள். ஐ5-12400எஃப், ரைசன் 5 5600 போன்ற பிராசஸர்களில் உள் கிராஃபிக்ஸ் கிடையாது. மானிட்டர் கேபிளைப் போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். அது கோளாறே அல்ல, கேபிளை கிராஃபிக்ஸ் கார்டில் செருகினால் சரியாகிவிடும்.

அடுத்தது எஸ்எம்பிஎஸ் டெஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் பெட்டி. 24 பின், சிபியுவுக்கான 4 அல்லது 8 பின், கிராஃபிக்ஸ் கார்டுக்கான 6 பின், சாட்டா, மோலெக்ஸ் ஆகியவற்றுக்கான சாக்கெட்டுகள் இதில் இருக்கும். கேபிள்களைப் போர்டிலிருந்து முழுக்கக் கழற்றி, 24 பின்னை டெஸ்டரில் செருகி, எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புற சுவிட்சைப் போட்டால் போதும். பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் கிளிப்பால் இணைக்கும் வேலையை டெஸ்டரே செய்துகொள்ளும். மற்ற கேபிள்களை ஒரு நேரத்தில் ஒன்றாக மட்டும் செருகுங்கள். சிபியு கனெக்டரையும் கிராஃபிக்ஸ் கனெக்டரையும் மாற்றிச் செருகிவிடாதீர்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் எர்த்தும் எதிரெதிர் வரிசையில் இருக்கின்றன, அழுத்தித் திணித்தால் டெஸ்டர் போய்விடும்.

டெஸ்டரின் திரையில் 12 வோல்ட் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் 4.75க்கும் 5.25க்கும் இடையிலும், 3.3 வோல்ட் 3.14க்கும் 3.47க்கும் இடையிலும் இருக்க வேண்டும். மைனஸ் 12க்கு மட்டும் 10 சதவீதம் ஏற்ற இறக்கம் அனுமதி. பலர் பார்க்காமல் விடும் கட்டங்கள் இரண்டு. ஒன்று பிஜி: எல்லா வோல்ட்டேஜும் நிலைபெற்ற பிறகு 'தயார்' என்று போர்டுக்குச் சொல்லும் சாம்பல் நிறக் கம்பியின் சிக்னல். அது 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் வர வேண்டும். மிக முன்னதாக வந்தால் வோல்ட்டேஜ் சரியாக ஏறுவதற்குள் போர்டு கிளம்பித் தடுமாறும்.

இன்னொன்று 5விஎஸ்பி, ஊதா நிறக் கம்பி. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் போர்டுக்குப் போகும் 5 வோல்ட் இது. டெஸ்டரில் இந்தக் கட்டம் 4.3 என்று காட்டி மினுக்கினால் எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே கெபாசிட்டர் காய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். போர்டில் சிறு விளக்கு எரியும், பட்டனுக்கு மட்டும் பதில் இருக்காது. அல்லது மெயின் சுவிட்சைப் போட்டு அரை மணி நேரம் விட்ட பிறகுதான் கிளம்பும். "சூடானால் ஓடுது" என்று யாராவது சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

டெஸ்டரின் குறையையும் சொல்லியாக வேண்டும். அது எஸ்எம்பிஎஸ்மீது ஏற்றும் சுமை மிகக் குறைவு. கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும்போது 10.9க்குச் சரியும் சப்ளை இங்கே 12.1 காட்டித் தேறிவிடும். பெரும்பாலான டெஸ்டர்கள் 0.1 வோல்ட் வரைதான் காட்டுவதால் 3.3 கம்பியின் எல்லையைத் துல்லியமாகப் பிடிக்க முடியாது. 12 வோல்ட்டில் 120 மில்லிவோல்ட்டுக்குமேல் அலையடித்தாலும் திரைக்குத் தெரியாது. ஆகவே டெஸ்டர் 'சரியில்லை' என்றால் நம்புங்கள், 'சரி' என்றால் முழுதாக நம்பாதீர்கள். அப்போது எல்லாவற்றையும் பழையபடி இணைத்து, மெஷினை ஓடவிட்டு, காலியாக இருக்கும் மோலெக்ஸ் ஒன்றின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே மல்டிமீட்டர் இருப்பவர்களுக்கு டெஸ்டர் அவசியமில்லை. பயாஸ் செல்லையும் அதே மீட்டரால் அளக்கலாம். சிஆர்2032 புதிதாக இருந்தால் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலேயே காட்டும். 2.7க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள், செல் தீர்ந்தால் கிளம்பவே மறுக்கும் போர்டுகளும் உண்டு.

எந்த எண் வந்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸின் மூடியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை ஏறியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது உடனே இறங்காது.

மூன்றாவது போஸ்ட் கார்டு. பயாஸ் ஒவ்வொரு கட்டத்தைத் தொடும்போதும் 80எச் என்ற போர்ட்டுக்கு ஓர் எண்ணை அனுப்பும். அதைப் பிடித்து இரண்டு இலக்கத்தில் காட்டுவதே இதன் வேலை. பழைய அவார்டு பயாஸில் சி1 என்று நின்றால் ராம். ஏஎம்ஐ நிறுவனத்தின் இப்போதைய பயாஸில் 55 என்றால் ராம் இல்லை, டி6 என்றால் டிஸ்ப்ளே சாதனம் கிடைக்கவில்லை. எஃப்எஃப் அல்லது 00விலேயே நின்றால் பயாஸ் ஓடவே தொடங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். கேட்க அருமையாக இருக்கிறது. சிக்கல் கார்டைச் செருகும் இடத்தில்தான்.

கடையில் விற்கும் பெரும்பாலான கார்டுகள் பழைய பிசிஐ ஸ்லாட்டுக்கானவை. ஜி31, ஜி41 என்ற பழைய இன்டெல் போர்டுகளில் சிப்செட்டே (போர்டின் பாகங்களை இணைக்கும் முக்கியச் சிப்) பிசிஐயை நேரடியாகக் கொடுத்ததால் கார்டு ஒழுங்காக வேலை செய்யும். 2011இல் வந்த எச்61, எச்67 சிப்செட்டுகளில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அந்த போர்டுகளில் பிசிஐ ஸ்லாட் கண்ணுக்குத் தெரிந்தாலும் அது இடையில் ஒரு பிரிட்ஜ் சிப் வழியாக வருகிறது. 80எச் எண்கள் பெரும்பாலும் அதுவரை வந்து சேர்வதில்லை. கார்டு வெறுமனே எஃப்எஃப் காட்ட, நல்ல போர்டைச் செத்ததாக நினைத்துத் தூக்கிப்போடும் அபாயம் இருக்கிறது. டிபிஎம் (பாதுகாப்புச் சிப்) ஹெடரில் செருகும் வகைக் கார்டு, எல்பிசி என்ற பழைய இணைப்பு உள்ள போர்டுகளுக்குச் சரி, ஆனால் புதிய போர்டுகள் பலவற்றில் அந்த ஹெடர் எஸ்பிஐ என்ற வேறு இணைப்புக்கு மாறிவிட்டது. ஜி41 போர்டுகள் நிறைய வரும் சர்வீஸ் கடை வைத்திருந்தால் ஒழிய இதை வாங்காதீர்கள். புதிய போர்டுகள் பலவற்றில் சிபியு, டிராம் (ராம்), விஜிஏ (டிஸ்ப்ளே), பூட் என்று நான்கு விளக்குகள் போர்டிலேயே இருக்கின்றன. ஆசஸ் அதை கியூ எல்இடி என்கிறது, எம்எஸ்ஐ ஈசி டிபக் எல்இடி என்கிறது. எது அணையாமல் நிற்கிறதோ அங்கே தேடுங்கள். ஒரு விதிவிலக்கு ஏஎம்டியின் ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 ராமை முதல்முறை போடும்போது. டிராம் விளக்கு சில நிமிடம் எரிந்தபடி திரை கறுப்பாக இருக்கும், ராமைப் பழக்கிக்கொள்ளும் அந்த நேரத்தில் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள்.

லேப்டாப்புக்கென மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வடிவிலும் இந்தக் கார்டு விற்கிறது. அதற்குத் தேவையான கம்பிகளை அந்த ஸ்லாட்டுக்குக் கொண்டுவந்த மாடல்கள் மிகச் சில. இப்போதைய லேப்டாப்புகளில் அந்த ஸ்லாட்டே இல்லை, எம்.2 வந்துவிட்டது. லேப்டாப்பில் பவர் விளக்கு மினுக்கும் எண்ணிக்கையை எண்ணுங்கள். டெல்லின் பல மாடல்களில் மஞ்சள் இரண்டு முறை, வெள்ளை மூன்று முறை மினுக்கினால் ராம் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.