பெட்ஸ்க்யூஎல் கேள்வித்தாள்: மகன் வட்டமிட்ட நாலு

மகனுக்கு ஒன்பது வயது, ஆஸ்துமா. போன மாதம் கிளினிக்கில், பிள்ளைகளின் வாழ்க்கைத் தரத்தை அளக்கும் பெட்ஸ்க்யூஎல் (PedsQL) கேள்வித்தாளைக் கொடுத்தார்கள். உடல், மனம், நண்பர்கள், பள்ளி என்று 23 கேள்விகள். அவனுக்கொரு தாள், எனக்கொரு தாள். கடந்த ஒரு மாதத்தில் எது எவ்வளவு சிரமம் என்று 0 முதல் 4 வரை வட்டமிட வேண்டும். அப்புறம் அதைத் தலைகீழாக்கி 100க்குக் கணக்கிடுகிறார்கள், கூடினால் நல்லது.

முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டான். ஒரு புளோக் தாண்டி நடக்கச் சிரமமா? அமெரிக்காவில் உருவான கேள்வி, அங்கே அது தெருமுனைக்குத் தெருமுனை. சிங்கப்பூரில் ஈசூன் பிள்ளைக்கு அது வீவக (அரசு அடுக்குமாடி) கட்டடம். "நம்ம புளோக்கா, பாட்டி புளோக்காம்மா?" இதை இங்குள்ள பிள்ளைகளுக்குப் புரியும்படி கேட்க வேண்டும்.

ஆனால், தனக்கு என்ன ஆகுமோ என்ற கவலை பற்றிய கேள்விக்கு நான் 0 போட்டிருந்தேன். அவன் 4. இன்ஹேலரைத் தலையணைக்கடியில் வைத்துத் தூங்குவதை வெறும் பழக்கம் என்றே நினைத்திருந்தேன். எந்த ஊதல் பரிசோதனையும் எனக்கு இதைக் காட்டவில்லை.

கவுண்டரில் நின்றபடி ஐந்து நிமிடத்தில் எழுதச் சொன்னது மட்டும் சரியில்லை. பிள்ளையைத் தனியாக உட்காரவைத்து, நிதானமாக எழுத விடுங்கள்.