ஆபீஸ் பெட்டியா, அசெம்பிள்டா? ஒரு கிருஷ்ணகிரிக்காரன் கணக்கு

ஒரு வருட இடைவெளியில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கும் வசதியெல்லாம் எனக்கு இல்லை, ஆனால் வாங்கும்படி ஆகிவிட்டது. முதலாவது 2024 தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால், எங்கள் வீட்டுக்கு, பெங்களூரின் கம்ப்யூட்டர் சாமான் கடைத்தெருவான எஸ்.பி. ரோட்டில் எடுத்த பழைய ஆபீஸ் பெட்டி (கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்), 14,500 ரூபாய். இரண்டாவது 2025 நவம்பரில், காவேரிப்பட்டணத்தில் இருக்கும் அக்கா பையனுக்கு. இஞ்சினியரிங் முதல் வருடம் சேர்ந்திருக்கிறான். ஒவ்வொரு சாமானாகத் தேடிச் சேர்த்த அசெம்பிள்டு அது, 26,000 ஆனது. இரண்டையும் கழற்றி மாட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 11,500 கூட ஆனாலும் என் ஓட்டு இரண்டாவதற்குத்தான்.

மற்ற வழிகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு கிருஷ்ணகிரியிலிருந்து 260 கிலோமீட்டர், பேச்சே இல்லை. பெங்களூர் 90தான். தர்மபுரிக்காரர்களுக்கு ஓசூர் வழியாக ரயில் இருக்கிறது, கிருஷ்ணகிரியில் ஸ்டேஷனே கிடையாது என்பதால் நமக்கு பஸ். 2025 ஆகஸ்டில் மஞ்சள் லைன் மெட்ரோ வந்த பிறகு பொம்மசந்திராவிலேயே இறங்கிவிடலாம், ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறினால் கே.ஆர். மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறது, அங்கிருந்து எஸ்.பி. ரோடு நடக்கிற தூரம். ஆன்லைனில் புது எஸ்எஸ்டி (எல்லாவற்றையும் சேமித்து வைக்கும் சாமான்) வாங்கலாம், தப்பில்லை. பழைய சாமானைக் கையில் எடுத்துப் பார்க்காமல் வாங்குவது என் குணத்துக்கு ஒத்துவராது.

ஆபீஸ் பெட்டியைக் குறை சொல்வதற்கு முன்னால் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுகிறேன். டெல் ஆப்டிபிளெக்ஸ், ஹெச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் என்று கம்பெனிகள் மொத்தமாகக் கழித்துவிடும் பெட்டிகள் எஸ்.பி. ரோட்டில் செங்கல் மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். நான் எடுத்ததில் இன்டெல் ஐ5-8500 ப்ராசஸர் (8இல் தொடங்கும் நம்பர் எட்டாம் தலைமுறையைக் குறிக்கும்), ஆறு கோர், 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி. எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள், ஏனென்றால் விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, ஐ5-6500, 7500 எல்லாம் விண்டோஸ் 11 பட்டியலிலேயே இல்லை, கடைக்காரர் எப்படியாவது ஏற்றிக் கொடுத்துவிடுவார், அது வேறு விஷயம். மற்றபடி சத்தம் இல்லை, கரண்டும் கம்மி, பெரும்பாலான பெட்டிகளில் விண்டோஸ் லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்து வரும். வாங்கும்போது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் ஓடும் போர்டு செட்டிங்கில், பாஸ்வேர்ட் இருக்கிறதா என்று மட்டும் கடையிலேயே உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள், பழைய கம்பெனி போட்ட பூட்டை நீங்கள் திறக்க முடியாது.

அந்தப் பெட்டி ஏழு மாதம் ஒரு குறையும் வைக்கவில்லை. 2025 மே மாதம், மாங்காய் சீசன், சாயங்காலமானால் காற்றும் இடியும். ஒருநாள் கரண்ட் போய்ப் போய் வந்தது, நாலாவது முறை வந்தபோது பெட்டி வரவில்லை. பட்டனை அமுக்கினால் விசிறி அரைச் சுற்று சுற்றி நிற்கிறது. எஸ்எம்பிஎஸ், அதாவது உள்ளே இருக்கும் சாமான்களுக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டி, போய்விட்டது. கரண்ட் போனால் தாங்கும் யுபிஎஸ் வைக்காதது என் தப்பு, பெட்டியின் தப்பில்லை.

சரி, எஸ்எம்பிஎஸ்தானே, ஊரிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வழக்கமான கடைக்குப் போனேன். அந்தத் தம்பி மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அண்ணா, இது நம்மகிட்ட சேராதுங்ணா" என்றான். காட்டினான். நம்ம ஊர்க் கடைகளில் தொங்கும் எஸ்எம்பிஎஸ் எல்லாம் செங்கல் அளவு, இது பென்சில் பாக்ஸை நீட்டிய மாதிரி ஒல்லி. சரி, வெளியே வைத்தாவது ஓட்டலாம் என்றால் போர்டுக்குப் போகும் வயரே வேறு. சாதாரணப் போர்டில் 24 பின், இதில் அந்த 24 பின் சாக்கெட்டே இல்லை, கம்பெனி தன் வசதிக்கு வைத்த சின்ன சாக்கெட். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை, அவசியமும் இல்லை, இந்த மாதிரிச் சின்னப் பெட்டிகளில் எதை எடுத்தாலும் இதே கதைதான். கன்வெர்ட்டர் வயர் ஆன்லைனில் கிடைக்கும் என்றும் தம்பி சொன்னான். எஸ்எம்பிஎஸ்ஸை மேஜைமேல் படுக்கப்போட்டு ஓட்டுவதற்கு வீட்டில் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

அப்புறம் என்ன, ஒருநாள் லீவு போட்டு பெங்களூர். அதே மாடல் பழைய எஸ்எம்பிஎஸ் 1,800 ரூபாய், ஏழு நாள் டெஸ்டிங் வாரண்டி. அது எட்டாவது நாள் போனால் மறுபடி 90 கிலோமீட்டர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

அன்று திரும்பி வரும்போது சூளகிரி தாண்டுவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தேன், அக்கா பையன் கம்ப்யூட்டரை அந்த முடிவுப்படிதான் சேர்த்தேன். சாகக்கூடிய சாமானை ஊரில் புதிதாக, பில்லோடு வாங்குவது. சாகாத சாமானை எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்குவது.

எது சாகும்? எஸ்எம்பிஎஸ், மதர்போர்டு. இரண்டையும் கிருஷ்ணகிரியிலேயே எடுத்தேன். ஏஎம்டி ப்ராசஸருக்கான ஏ520 போர்டு 5,200, 450 வாட் எஸ்எம்பிஎஸ் 2,600, இரண்டுக்கும் மூன்று வருட வாரண்டி. எஸ்.பி. ரோட்டில் எடுத்திருந்தால் இரண்டும் சேர்ந்து ஒரு 700 ரூபாய் குறைந்திருக்கும், அவ்வளவுதான். 500 ஜிபி எஸ்எஸ்டி 3,600, அது ஆன்லைன், புதுசு.

ப்ராசஸர் லேசில் சாகாது. ரைசன் 5 5600ஜி, ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், உள்ளேயே கிராபிக்ஸ் இருப்பதால் தனி கார்டு வேண்டாம். பழையது 7,500க்குக் கிடைத்தது. இந்த ஏஎம்4 வகை ப்ராசஸரில் பின்கள் போர்டில் இல்லை, ப்ராசஸரின் அடிவயிற்றில் இருக்கும், 1331 பின், ஒவ்வொன்றும் ரொம்ப மெல்லிசு. முதலில் காட்டிய ப்ராசஸரை டியூப்லைட்டுக்கு நேராகச் சாய்த்து ஒரு கண்ணை மூடி வரிசை வரிசையாகப் பார்த்தேன், நாற்று நட்ட வயல் மாதிரி நேராகப் போகும் வரிசையில் ஓரத்தில் இரண்டு மட்டும் தலை சாய்ந்திருந்தன. யாரோ கூலரைத் திருகாமல் நேரே இழுத்திருக்கிறார்கள், ப்ராசஸரும் கூடவே பிடுங்கிக்கொண்டு வந்திருக்கும். கடைக்காரர் பிளேடு நுனியால் நிமிர்த்தித் தருகிறேன் என்றார், வேண்டாம் என்று அடுத்த கடை. அங்கே போர்டில் மாட்டி டிஸ்ப்ளே வரவைத்துக் காட்டிய பிறகுதான் பணம் கொடுத்தேன். இடையில் ஒருவர் 3400ஜியை விலை குறைத்துத் தருவதாகச் சொன்னார். ஆசைப்பட்டுவிடாதீர்கள், பேர் ஒரே மாதிரி இருந்தாலும் அது பழைய வகை, ஏ520 போர்டின் ஆதரவுப் பட்டியலில் வராது.

ராம் விலைதான் அடித்துவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போக, 2025 கடைசியில் விலை தாறுமாறாக ஏறியது, பழைய டிடிஆர்4 வகை ராம் குச்சிக்குக்கூட கிராக்கி. 8 ஜிபி இரண்டு, 5,600 ரூபாய். ஒரே 16 ஜிபி குச்சியாக எடுக்கவில்லை, உள் கிராபிக்ஸ் ராமையே பங்கு போட்டுக்கொள்வதால் இரண்டு குச்சி இருந்தால்தான் அதற்கு மூச்சு விட முடியும். இந்த ஒரு இடத்தில் ஆபீஸ் பெட்டி ஜெயிக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அதில் ராம் உள்ளேயே வந்துவிடுகிறது. கேபினட் பழையது 1,500, பக்கத்தில் ஒரு கீறல், அக்கா பையன் அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டான்.

என் கணக்கு சரியா என்று பிப்ரவரியிலேயே தெரிந்துவிட்டது. போர்டில் ஒரு ராம் ஸ்லாட் வேலை செய்யவில்லை, 16 ஜிபி இருக்க வேண்டிய இடத்தில் 8 காட்டுகிறது. குச்சியை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம், ஸ்லாட்தான். பில்லையும் போர்டையும் கடையில் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது, சர்வீஸ் சென்டருக்கு அனுப்பி வாங்குவதெல்லாம் கடைத் தம்பி பாடு. மூன்று வாரத்தில் மாற்றுப் போர்டு வந்தது. மூன்று வாரம் கம்மியில்லை, பையன் அதற்குள் பத்து தடவை போன் செய்துவிட்டான். ஆனால் நான் பஸ் ஏறவில்லை, காசும் செலவாகவில்லை.

இதே கணக்கை ஓசூரில் இருப்பவர் போட்டால் மாறும், அவருக்கு பெங்களூர் பக்கத்து ஊர், ஆபீஸ் பெட்டியே லாபம். கேம் ஆடுகிறவர்களுக்கும் நான் சொல்வது முழுசாகப் பொருந்தாது, பழைய கிராபிக்ஸ் கார்டு நான் வாங்கியதே இல்லை, அதனால் கார்டு வாங்கிப் பழகியவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, 'புது போர்டு' என்று சொல்லி ஏழாயிரத்துக்கு மூன்றாம் தலைமுறை ஐ5 செட் ஒன்று எல்லா ஊர்க் கடையிலும் தள்ளுவார்கள், அந்த ப்ராசஸர் 2012ல் வந்தது.

எங்கள் வீட்டு ஆபீஸ் பெட்டி இன்னும் ஓடுகிறது, இப்போது யுபிஎஸ்ஸோடு. எஸ்.பி. ரோட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கிளம்பாதீர்கள், முக்கால்வாசி ஷட்டர் இறங்கித்தான் இருக்கும். நான் ஒருமுறை போய் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகம் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.