சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிருஷ்ணகிரி வரை: விமான நேரமும் வீடு சேரும் நேரமும்

சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்திற்கும் பெங்களூரு கெம்பேகவுடா விமான நிலையத்திற்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வான்தொலைவு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இவ்வூர்களுக்கிடையே இடைநில்லா விமானத்தைத் தொடங்கியபோது, பெண் விமானிகளே இயக்கிய முதல் விமானம் வட துருவத்தின் மேலாகப் பறந்து சுமார் 17 மணி நேரத்தில் தரையிறங்கியது. கிருஷ்ணகிரியில் உள்ள உறவினர்கள் இன்றும் அந்தக் கணக்கையே மனத்தில் வைத்து நம்மை எதிர்பார்க்கிறார்கள். ஆனால் வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எண்ணினால், இந்த முறை எங்களுக்கு அதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு நேரம் ஆயிற்று.

நாங்கள் துபாய் வழியாக வந்தோம். துபாய் வரை சுமார் 13,000, அங்கிருந்து பெங்களூருக்கு 2,700 கிலோமீட்டர். நேர்வழியைவிட வானில் கூடும் தொலைவு 1,700 கிலோமீட்டர்தான், பறக்கும் நேரத்தில் அது இரண்டு மணி நேரம்கூட இல்லை. நேரத்தை விழுங்குவது இணைப்பு விமானத்திற்கான காத்திருப்பே. ஆகவே பயணச்சீட்டு எடுக்கும்போது தொலைவைவிட இடைத்தங்கல் நேரத்தை முதலில் பாருங்கள். குளிர்காலத்தில் நம் ஊர் கடிகாரம் கலிபோர்னியாவைவிடப் பதின்மூன்றரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டவர் ஞாயிறு அதிகாலையில் இறங்குவது சாதாரணம். அழைக்க வருபவரிடம் இந்தியத் தேதியையே சொல்ல வேண்டும்.

பெங்களூரில் 2023 செப்டம்பர் முதல் பன்னாட்டு விமானங்கள் இரண்டாம் முனையத்திற்கு வருகின்றன. அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமென்று முன்கூட்டியே பதிவு செய்திருந்தோம். உதவியாளர் விமானத்தின் வாசலிலேயே காத்திருந்து, குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டிகள் வந்து சேரும்வரை உடன் நின்றார். வயதானவர்களோடு வருவோர் இந்த வசதியைக் கேட்கத் தயங்கவே கூடாது.

அதன்பின் இருப்பது சுமார் 130 கிலோமீட்டர் சாலை. கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. தனியாக வருபவர் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் வாயு வஜ்ரா பேருந்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரை வந்து, ஓசூர் சாலையில் தமிழ்நாட்டுப் பேருந்தைப் பிடிக்கலாம்; பெட்டிகளும் பெரியவர்களும் இருந்தால் வாடகைக் கார்தான். எங்களை அழைத்து வந்த தமிழ்நாட்டுக் காரில் கர்நாடக பர்மிட்டுக்கென்று வழியில் தனியாகப் பணம் கேட்டார்கள். அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி உள்ளிட்ட சுங்கச்சாவடிக் கட்டணங்களும் பர்மிட்டும் வாடகையில் அடங்குமா என்று முன்பே பேசிவிடுவது நல்லது. அதிகாலையில் மூன்று மணி நேரத்தில் முடியும் இந்த வழி, மாலையில் பெங்களூரின் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் சிக்கினால் ஐந்து மணி நேரமும் ஆகலாம். திரும்பும்போது ஓசூரிலிருந்து மாலூர், ஹோசகோட்டை வழியாக நகரத்தைச் சுற்றிப் போனோம். சாலை சில இடங்களில் குறுகலானாலும் மனத்தில் பதற்றம் இல்லை.

சென்னையில் இறங்கினால் வேலூர், வாணியம்பாடி வழியாகச் சுமார் 250 கிலோமீட்டர் வர வேண்டும் என்பதால், நம் மாவட்டத்தாருக்குப் பெங்களூரே இன்னும் அருகில். ஓசூரில் பன்னாட்டு விமான நிலையம் அமைக்கப்படும் என்று தமிழக முதல்வர் 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்தார். எனினும் பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தம் 150 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் 2033 வரை புதிய விமான நிலையத்திற்குத் தடை விதிக்கிறது. அதற்கொரு விலக்கு கிடைத்தால், முதிய பெற்றோரை இரவில் சாலை வழியே அலைக்கழிக்கும் நிலை எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு ஒருநாள் நீங்கலாம்.